குற்றாலிங்கம் கழித்த கன்றுகள்

உலகம்மாவுக்குக் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. துறவி என்றால் எந்நேரமும் சிரித்த முகமாக இருப்பார் என்று நம்பி வந்தவர்கள் பலர், முதல் நாள் மாலையே செங்கோட்டைக்குப் பஸ் பிடித்திருக்கிறார்கள்.

மலையடிவாரத்தில் குளத்துக்கரையை ஒட்டி அவருடைய மடம் இருந்தது. மடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு போட்ட இரண்டு அறைகள், ஒரு கிணறு, ஒரு தென்னை நாற்றங்கால், அவ்வளவுதான். வருடத்துக்கு இருநூறு தேங்காய்களை முளைக்க வைப்பார்கள். ஆடிப் பதினெட்டு அன்று சுற்று ஊர்களில் கேட்ட வீட்டுக்கெல்லாம் ஒரு கன்று சும்மா கொடுப்பார்கள். உலகம்மாவின் குரு தொடங்கி வைத்த வழக்கம் அது. குரு காலமானபோது உலகம்மாவுக்கு முப்பது வயது. இப்போது நாற்பத்தொன்று.

சீடர் குற்றாலிங்கத்துக்கு ஐம்பத்தெட்டு. தென்காசிச் சந்தையில் வாழை இலைக்கடை வைத்திருந்தவர். அவர் உலகம்மாவை அம்மா என்பார். உலகம்மா அவரை அண்ணாச்சி என்பார். திட்டும்போதும் அண்ணாச்சிதான்.

மன அமைதி தேடி வந்ததாகக் குற்றாலிங்கம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அது பொய். வீட்டில் கோபித்துக்கொண்டு வந்திருந்தார்.

தகப்பனார் இறந்தபோது தம்பி நயினாருக்கு ஏழு வயது. அண்ணன்தான் தோளில் தூக்கி வளர்த்தார், பள்ளிக்கூடத்தில் சேர்த்தார், கோமதியைக் கல்யாணமும் செய்துவைத்தார். முப்பது வருடம் ஒரே வீடு, ஒரே அடுப்பு. அந்தத் தம்பி தனிவீடு கட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டான். குற்றாலிங்கம் கடையை மகனிடம் விட்டுவிட்டு மடத்துக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. கோபம் மட்டும் நேற்று வந்தது மாதிரி இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவர் கிணற்றுச் சுவரில் முளைத்திருந்த பெரணிச் செடிகளைக் கம்பியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அதை ஏன் பிடுங்குதீங்க, அண்ணாச்சி?"

"பாக்கவே பிடிக்கலை. ஒரு இலையாவது உருப்படியா இருக்கா? எல்லாம் பிஞ்சு பிஞ்சு தொங்குது."

அதே வேகத்தில் திரும்பிக் கேட்டார்.

"அம்மா, ஒண்ணா இருந்தது பிரிஞ்சா, அது கெட்டுப்போச்சுன்னுதானே அர்த்தம்?"

உலகம்மா கிணற்றுக்குள் கைவிட்டு, இன்னும் விரியாத ஒரு பெரணிக் குருத்தைக் கிள்ளி எடுத்தார். நத்தைக் கூடு மாதிரிச் சுருண்டிருந்தது. நகத்தால் மெல்லப் பிரித்துக் காட்டினார். பெரிய சுருளின் இரண்டு பக்கமும் கடுகு கடுகாகச் சின்னச் சுருள்கள் இருந்தன.

"இன்னும் வெளிச்சத்தையே பாக்காத இலை. இதை யாரு பிச்சது?"

குற்றாலிங்கம் அதை வாங்கிக் கிணற்றுக்குள் எறிந்தார்.

"களையைக் காட்டி என்னை மடக்காதீங்கம்மா. நான் வீட்டைப் பத்திக் கேக்கேன்."

உலகம்மா முகம் சிவந்தது. ஆனால் சண்டைக்கு நேரமில்லை. அவருக்குச் சங்கரன்கோவில் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"நான் வியாழக்கிழமை வந்துருவேன். அதுக்குள்ள கன்னுகளைக் கழிச்சு வைக்கணும். பலமானதை நிறுத்திட்டு, சவலையைப் பிடுங்கிக் குழியில போட்டுருங்க. எது பலம், எது சவலைன்னு தெரியும்லா?"

"இலையிலேயே பிறந்து இலையிலேயே வளர்ந்தவன் நான். எனக்கா தெரியாது?"

உலகம்மா இன்னொரு தரம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு நயினார் வந்தான். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் தடவிய பத்திரிகை. படலைத் திறக்காமல் வெளியிலேயே நின்றான்.

"அண்ணே."

குற்றாலிங்கம் நாற்றங்காலில் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"வெள்ளிக்கிழமை காலையில ஆறு மணிக்குப் பால் காய்ச்சணும்ணே. வைகாசியில இதுதான் கடைசி முகூர்த்தம். விட்டா ஆவணிதான். கோமதிக்கு ஆவணியில பிரசவம். ரெண்டு தடவை உங்களுக்காகத் தள்ளி வச்சுட்டேன்."

"யாரு தள்ளி வைக்கச் சொன்னா?"

"நீங்க வந்து அடுப்பைப் பத்த வைக்கணும். நீங்க வராம நான் காய்ச்சமாட்டேன்."

"அப்பக் காய்ச்சாத."

நயினார் குனிந்தான். தட்டைப் படல் ஓரத்தில் ஒரு கல்லின் மேல் வைத்தான். காற்றில் பத்திரிகை பறந்துவிடாமல் அதன் மேல் பாக்கை எடுத்து வைத்துவிட்டுப் போனான்.

அவன் தலை மறைகிறவரை குற்றாலிங்கம் அசையவில்லை. அப்புறம் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். கன்றுகளைக் கழிக்க அதைவிட மோசமான நேரத்தை யாரும் தேர்ந்தெடுத்திருக்க முடியாது.

இலை வியாபாரத்தில் கிழிசல் பந்திக்குப் போகாது. தலைவாழை என்றால் நுனியிலிருந்து அடிவரை ஒரு கீறல் இருக்கக் கூடாது. காற்றில் கிழிந்ததை மாட்டுக்குப் போடுவார்கள். முப்பது வருடம் குற்றாலிங்கம் தினமும் செய்த வேலை அது. ஒரு பார்வை பார்த்தால் போதும், கை தானாக ஒதுக்கிவிடும்.

நாற்றங்காலில் இரண்டு விதமான கன்றுகள் நின்றன. சிலவற்றின் ஓலை வாழைக்குருத்து மாதிரி அகலமாக, முழுதாக இருந்தது. மற்றவற்றில் ஓலை நெடுகப் பிளந்து தனித்தனிக் கீற்றாகப் பிரிந்திருந்தது. குற்றாலிங்கத்தின் கை வேலையைத் தொடங்கியது. பிளந்திருந்த ஒவ்வொன்றையும் வேரோடு பிடுங்கிக் குழியில் வீசினார். வீசும்போது பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். கன்றுகளிடம் சொன்னதாகத் தெரியவில்லை. சாயங்காலத்துக்குள் நூற்று முப்பத்தாறு கன்றுகள் குழிக்குப் போயின. அறுபத்து நாலு நின்றன. நின்றவற்றுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, கை கால் கழுவி, நிம்மதியாகச் சாப்பிட்டார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு உலகம்மா படலைத் திறந்தார். கல்லின் மேல் இருந்த தட்டைப் பார்த்தார், பத்திரிகையைப் படித்தார். நாற்றங்காலைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். பை தோளிலிருந்து விழுந்தது.

"அண்ணாச்சீ!"

குளத்தில் நின்ற கொக்குகள் எழும்பிப் பறந்தன.

"என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?"

"நீங்க சொன்னதைத்தான். கிழிசலை எல்லாம் கழிச்சாச்சு."

உலகம்மா ஒரு மண்கட்டியை எடுத்துச் சுவரில் எறிந்தார். அது உடைந்து சிதறியது. குற்றாலிங்கம் இரண்டடி பின்னால் போனார்.

"கிழிசலா? தென்னங்கன்னு ஓலை எவ்வளவு சீக்கிரம் பிரியுதோ அவ்வளவு பலம். ஆறு மாசமாகியும் பிரியாம முழுசா நிக்குதே, அதுதான் சவலை. நல்ல கன்னு அத்தனையும் குழிக்குள்ள கிடக்கு. நோஞ்சானுக்குத் தண்ணி ஊத்தி வளத்திருக்கீங்க. நூத்து முப்பத்தாறு வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னு செவ்வாய்க்கிழமை சொல்றதுக்கு வாய் வலிச்சுதா?"

"நீங்க விளக்கமாச் சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும். அது என் தப்பு. ஒரு கன்னைக் கையில எடுத்துக் காட்டிட்டுப் போயிருக்கணும். உங்க தப்பை அப்புறம் பேசுவோம். முதல்ல குழியில இறங்குங்க."

"செத்துப்போனதை எடுத்து என்ன செய்ய?"

"சாகலை. ஒவ்வொண்ணுலயும் தேங்காய் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு. உள்ள இருக்கிறதைத் தின்னு நாலு நாள் தாங்கும். இன்னைக்கே நட்டாப் பிழைச்சுக்கும். இறங்குங்கன்னு சொன்னேன்."

இப்போது குற்றாலிங்கத்துக்கும் ஏறிவிட்டது. ஐம்பத்தெட்டு வயதில் ஒருத்தியிடம் ஏச்சு வாங்குவதற்கா வீட்டை விட்டு வந்தோம் என்று தோன்றியது. அதை அப்படியே சொன்னார். சொன்னதோடு நிறுத்தவில்லை.

"உங்களுக்கு என்ன தெரியும்? குடும்பம்னு ஒண்ணு நடத்திப் பாத்திருக்கீங்களா? ஒத்தைக்கட்டை! ஒரு வீட்டை ஒண்ணா வச்சிருக்க என்ன பாடுன்னு தெரியுமா? பிரியுதது பலமாம், பலம்! எங்க வீட்டுல வந்து சொல்லுங்க!"

மேற்கே மலை இடைவெளியில் சாரல் திரண்டுகொண்டிருந்தது.

"நடத்தினது இல்லை," என்றார் உலகம்மா. குரல் தணிந்திருந்தது. கண் தணியவில்லை. "வேர் காயுது, அண்ணாச்சி. கரைக்கு அந்தப்பக்கம் ஓலை அடுக்கி வச்சிருக்கேன். குழி மேல நிழல் கட்டணும். முடைஞ்சது ஒண்ணு தூக்கிட்டு வாங்க."

குற்றாலிங்கம் தரையை உதைத்துக்கொண்டு போனார்.

குளத்துக்கரை உயரமானது. வைகாசியில் காற்று அதன் மேல் ஏறி அடிக்கும். குற்றாலிங்கம் முடைந்த ஓலையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கரையில் ஏறினார். பத்து அடி வைத்திருப்பார். காற்று ஓலையில் முழுதாக மோதியது. அவர் ஓலையை விடவில்லை. விட்டிருந்தால் தப்பித்திருப்பார். ஓலையும் அவருமாகச் சரிவில் உருண்டு, முழங்கால் ஆழத் தண்ணீரில் போய் உட்கார்ந்தார்கள்.

அவர் எழுந்து மறுபடி கரையேறினார். மறுபடி உருண்டார். மூன்றாம் தரம் வாய்விட்டுக் காற்றையே திட்டினார். காற்றுக்கும் ஒரு தாயார் இருப்பதாக நினைத்துத் திட்டினார்.

"அதைப் போடுங்க. முடையாததை எடுங்க," என்று உலகம்மா கீழே இருந்து கத்தினார்.

முடையாத பச்சை மட்டை முடைந்ததைவிட நீளம், கனமும் அதிகம். குற்றாலிங்கம் அதைத் தோளில் வைத்துக்கொண்டு கரையில் ஏறினார். காற்று அதே காற்றுதான். கீற்றுகள் படபடவென்று அடித்துக்கொண்டன. காற்று அவற்றுக்கு நடுவே புகுந்து போய்விட்டது. அவர் நேராக நடந்து வந்து சேர்ந்தார். மட்டையை இறக்கி வைத்துவிட்டு, அதன் நடுத்தண்டையும் இரண்டு பக்கமும் தொங்கிய கீற்றுகளையும் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

உலகம்மா மட்டையை இழுத்துக் குழி மேல் போட்டார்.

"இன்னும் ஆறு வேணும்," என்றார்.

நிழல் கட்டி முடித்ததும் இருவரும் நட ஆரம்பித்தார்கள். அவர் குழியிலிருந்து எடுத்துக் கொடுக்க, உலகம்மா மண்ணைத் தோண்டி வைத்தார். மதியச் சாப்பாட்டை இருவருமே மறந்துவிட்டார்கள். கோபமாக இருக்கிறவர்கள் வேகமாக வேலை செய்வார்கள். நாலு மணிக்கு எண்பதைத் தாண்டியிருந்தது.

"அம்மா."

"சொல்லுங்க."

"கிழியும்போது அதுக்கு வலிக்காதா?"

உலகம்மா பக்கத்தில் நின்ற சவலை ஒன்றின் குருத்தைப் பிடித்து அவர் பக்கம் வளைத்தார்.

"கையை வச்சுப் பாருங்க."

குற்றாலிங்கம் தடவினார். வெளியே பார்க்க ஒரே ஓலை. விரலுக்குள் மடிப்பு மடிப்பாக, விசிறி மடித்த மாதிரி இருந்தது. மடிப்பு ஒவ்வொன்றிலும் மெல்லிய கோடு ஓடியது. பிரிந்த கன்று ஒன்றைக் கையிலெடுத்து ஒத்துப் பார்த்தார். அந்தக் கோட்டில்தான் பிரிந்திருந்தது. ஒரு கீற்றும் நடுவில் அறுந்திருக்கவில்லை. எல்லாக் கீற்றும் அடியில் ஒரே தண்டில்தான் நின்றன.

அவர் வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

"சின்னப்பிள்ளையில கொல்லைப்புறத்துல செங்கலை அடுக்கித் தனியா வீடு கட்டி விளையாடுவான்," என்றார். "நான்தான் மண்ணு அள்ளிக் கொடுப்பேன்."

உலகம்மா அடுத்த குழியைத் தோண்டினார்.

"நான் போனா அவன் செயிச்சதா ஆயிரும்மா."

உலகம்மா குழியிலிருந்து ஒரு கல்லை எடுத்து எறிந்தார்.

"ஊர்ல என்ன சொல்லுவாங்க? வீம்பா இருந்தான், கடைசியில வாலைச் சுருட்டிக்கிட்டு வந்தான்னு சொல்லுவாங்க."

"கன்னைக் கொடுங்க."

கொடுத்தார். இன்னும் இருபது கன்றுகள் போனபிறகு, தலையைத் தூக்காமல் பேசத் தொடங்கினார்.

"நான் உங்ககிட்டச் சொல்லாதது ஒண்ணு இருக்கு. அன்னைக்கு எங்க அப்பாவுக்குத் திவசம். பந்தியில நாப்பது பேர். நயினார் என் பக்கத்துல உக்காந்திருந்தான். சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே மெதுவா, எனக்கு மட்டும் கேக்கிற மாதிரித்தான் சொன்னான். அண்ணே, தனியா ஒரு வீடு கட்டலாம்னு இருக்கேன்னு."

உலகம்மாவின் கை நின்றது.

"இலையை எடுத்துட்டேன்."

"என்னது?"

"அவன் முன்னால இருந்த இலையை. சோறும் குழம்புமா அப்படியே உருவி எடுத்து வெளிய எறிஞ்சேன். தனியாப் போறவனுக்கு இங்க என்ன இலைன்னு கேட்டேன். நாப்பது பேரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. கோமதி பரிமாறிக்கிட்டு இருந்தா. அவன் மடியெல்லாம் குழம்பு. கையில பிசைஞ்ச சோறு ஒரு உருண்டை. அதைத் திங்கவும் முடியாம, கீழ போடவும் முடியாம வச்சுக்கிட்டே எந்திரிச்சுப் போனான்."

குற்றாலிங்கத்துக்கு அவமானமாக இருந்தது. ஆறு மாதமாக அவர் தம்பி மேல் கோபம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தது எதன் மேல் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது.

உலகம்மா அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இல்லை. அவருக்கு உண்மையாகவே கோபம் வந்திருந்தது. காலையில் கன்றுகளுக்காக வந்ததைவிட இது பெரிது.

"சாப்பிடுதவன் இலையை உருவுவீங்களா, அண்ணாச்சி? இலை வித்தவர் நீங்க!"

அவர் ஒரு கன்றின் வேரில் ஒட்டியிருந்த மண்ணை உதிர்த்தார்.

"நேத்து வந்து படலுக்கு வெளியிலேயே நின்னான்," என்றார். "இலையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை."

சாரல் இறங்கியது. இருவரும் நனைந்துகொண்டே மீதிக் கன்றுகளை நட்டார்கள். கடைசிக் கன்றை அவரே நட்டு, மண்ணை மிதித்து, எழுந்து நின்றார். நூற்று முப்பத்தாறும் வரிசையாக நின்றன. சில தலை சாய்ந்திருந்தன. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. தென்காசிக்கு ஆறரை மணி பஸ் உண்டு.

அவர் படல் ஓரத்துக்குப் போய் அந்தத் தட்டை எடுத்தார். பழம் நனைந்திருந்தது. பத்திரிகையில் மஞ்சள் கரைந்து ஓடியிருந்தது. தட்டை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"அம்மா, அடுப்பைப் பத்த வச்சிருவேன். அது ஒண்ணும் பெரிசில்லை. எடுத்த இலையை நான் எப்படித் திரும்பப் போட?"

உலகம்மா வாளித் தண்ணீரில் கை மண்ணைக் கழுவினார். நகத்துக்குள் இருந்ததையும் கழுவினார். பிறகு சொன்னார்.

"உங்களால போட முடியாது, அண்ணாச்சி. நாளைக்கு உங்க தம்பி வீட்டுல அவர் உங்களுக்கு இலை போடுவாரு. போயி உக்காருங்க. உருவி எடுத்துட்டாருன்னா, கையில இருக்கிற சோத்தோட எந்திரிச்சு வாங்க."